பிளானைப் பிள்ளைகளிடம் காட்டினீர்களா?

சென்னையின் தெற்குப் புறநகரில், மேடவாக்கத்திலும் சித்தாலப்பாக்கத்திலும் வேங்கைவாசலிலும் அரை கிரவுண்டு வாங்கி வீடு கட்டத் தொடங்கும் பெற்றோரிடம் யாருக்காக இந்த வீடு என்று கேட்டால், "எல்லாம் பிள்ளைகளுக்காகத்தான்" என்கிறார்கள். பிளானை வாங்கிப் பார்த்தால் பிள்ளைகளை அதில் காணோம். வாசலில் காருக்கு இடம் இருக்கிறது. விருந்தாளிகளுக்குப் பெரிய ஹால், அதில் டிவிக்கென்று ஒரு முழுச் சுவர். மாடியில் மேற்கு மூலையில் பத்துக்குப் பத்து அறை ஒன்று. அதுதான் இரண்டு பிள்ளைகளுக்கும்.

அந்தப் பத்தடியைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டில் ஐந்தடி அகலம், அலமாரி இரண்டடி, படிக்கிற மேசை இரண்டடி. நடக்க மிச்சம் ஓரடி. கதவு எங்கே திறக்கும்? தரையில் உட்கார்ந்து விளையாட எங்கே போவார்கள்? சித்திரை வெயிலில் தலைக்கு மேல் தளமும் பக்கத்தில் மேற்குச் சுவரும் சுடுகிற அறையில் ஏசி இல்லாமல் எந்தப் பிள்ளை தூங்கும்? படிக்கட்டையும் குளியலறையையும் மேற்கே தள்ளியிருந்தால் அந்த வெயிலை அவை வாங்கிக்கொண்டிருக்கும்.

நம் பக்கம் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வருகிறது. அக்னி மூலையில் சமையலறை வேண்டுமென்றால் வையுங்கள், அது உங்கள் நம்பிக்கை. தாளிக்கிற புகை வீட்டுக்குள் திரும்பாதபடி எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு இப்போதே வழி விடுங்கள். ஆனால் கிழக்குச் சுவரில் மீதியிருக்கும் இடத்தையும் ஷோகேஸுக்குக் கொடுத்துவிட்டு, காற்றே வரவில்லை என்று பிறகு அலுத்துக்கொள்ளாதீர்கள். ஈரப்பதம் மிகுந்த வெப்பப் பகுதிகளில் ஜன்னல் திறப்பு அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. பத்துக்குப் பத்து அறைக்கு நாலடிக்கு நாலடி ஜன்னலே சற்றுக் குறைவு. அதிலும் ஸ்லைடிங் ஜன்னல் என்றால் பாதிதான் திறக்கும்.

வீட்டுப் பெரியவர்களின் கதை இதைவிட மோசம். தரைத்தளத்தை வாடகைக்கு விட்டுவிட்டு, முழங்கால் வலிக்கிற அம்மாவை மாடி ஏற வைக்கிறோம். கீழே ஒரு அறையும், அதை ஒட்டிக் கழிப்பறையும் அவர்களுக்கு வேண்டும். பேரப்பிள்ளை பள்ளிவிட்டு வந்து முதலில் ஓடுவது அந்த அறைக்குத்தான்.

2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலும் நமக்கு அதற்குள் மறந்துவிட்டனவா? சுற்றுவட்டார ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை நோக்கி ஓடுகிற வழியில்தான் நாம் குடியிருக்கிறோம். தண்ணீர் அப்போது எந்த உயரம் வரை நின்றது என்று தெருவில் பழையவர்களைக் கேட்டுப் பேஸ்மட்டத்தை உயர்த்துங்கள். மீட்டரையும் இன்வெர்ட்டரையும் அந்த அளவுக்கு மேலே வையுங்கள். மாடியில் கட்டாயம் ஒரு கழிப்பறையும், இரண்டு நாள் சமைக்க ஒரு சின்ன மேடையும் இருக்கட்டும். பாதாளச் சாக்கடை வராத தெருவானால் செப்டிக் டேங்கையும் குடிதண்ணீர் சம்பையும் எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். வெள்ளத்தில் இரண்டும் கலந்தால் முதலில் படுப்பது குழந்தைகள். பக்கத்தில் விட்ட இடத்தையெல்லாம் சிமென்ட் போட்டு மூடாதீர்கள். மழை இறங்கட்டும், ஒரு முருங்கை வளரட்டும், மண்ணில் பிள்ளைகள் விளையாடட்டும்.

2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையத்திலேயே உடனடியாக அனுமதி கிடைக்கிறது. நல்ல வசதிதான். ஆனால் அனுமதிக்கு முன் யாரும் மனைக்கு வந்து பார்ப்பதில்லை. வந்து பார்த்தாலும் உங்கள் மகள் எங்கே உட்கார்ந்து படிப்பாள் என்று எந்த அதிகாரியும் கேட்கப் போவதில்லை. கேட்க வேண்டியது நீங்கள். இருபது வருடக் கடனுக்குக் கையெழுத்துப் போடுகிறவர்கள், பிளானுக்கு ஒரு சாயங்காலம்கூடக் கொடுக்காமல் எலிவேஷன் படத்தைப் பார்த்து மயங்குவது என்ன நியாயம்?

பூமி பூஜைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையும் பெரியவர்களையும் மனைக்கு அழைத்துப் போங்கள். சுண்ணாம்புத் தூளால் ஒவ்வொரு அறையையும் அசல் அளவில் தரையில் போடுங்கள். கட்டிலுக்கு ஒரு கட்டம், மேசைக்கு ஒரு கட்டம், கதவு திறக்கும் வட்டம். அவர்களை அதற்குள் நடக்கவிட்டு, என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். இடிக்கிற கோட்டை அன்றைக்கே காலால் அழித்துவிட்டு மாற்றிப் போடுங்கள். சென்ட்ரிங் அடித்த பிறகு அதையே மாற்ற லட்சங்கள் ஆகும்.