பழைய வண்டிக்கு வேறு இஞ்சின்



டெல்லியில் பிக்கப் வண்டி ஓட்டிக் குடும்பத்தைத் தாங்குகிற சகோதரர்கள் நம் சபைகளில் உண்டு. ஆசாத்பூர் மண்டிக்குச் செல்லும் வண்டி மேம்பாலத்தில் புகை கக்கி நின்றுவிட்டால், வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அதனோடு நின்றுவிடுகின்றன. ஆகையால் இஞ்சினை மாற்றுவதா என்பதைக் கணவனும் மனைவியும் சேர்ந்து ஜெபித்து, சேர்ந்து கணக்குப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்.

முதலாவது நோயை அறியுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. இஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குப்பென்று அடிக்கிறதா? ரிங்கும் போரும் தேய்ந்திருக்கக் கூடும். மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் அளந்து காட்டச் சொல்லுங்கள். ஒரே சிலிண்டரில் அழுத்தம் குறைந்தால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் மட்டும் பழுதாகியிருக்கலாம். அதற்காக இஞ்சினையே மாற்றுவது வீண் செலவு. எல்லாச் சிலிண்டரிலும் குறைந்து, ஆயில் அழுத்தமும் விழுந்திருந்தால் இரண்டு வழிகள் உண்டு. போரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போட்டு, கிராங்கைத் தீட்டிச் சீராக்கலாம். அல்லது வேறு இஞ்சின் வாங்கலாம்.

வேறு இஞ்சின் என்றதும் எல்லாரும் கைகாட்டுவது மாயாபுரியைத்தான். உடைத்த வண்டிகளின் பாகங்கள் அங்கே மலைபோல் கிடக்கின்றன. நல்ல சரக்கும் உண்டு. திருட்டு வண்டியின் இஞ்சினும் கலந்து வரக்கூடும். பில்லும், உடைக்கப்பட்ட வண்டியின் காகிதங்களும் இல்லாமல் வாங்காதிருங்கள். "உங்கள் பழைய நம்பரையே இதில் அடித்துத் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பையிலே இரண்டுவிதமான நிறைகற்கள் வைத்திருப்பதைக் குறித்து உபாகமம் 25-ஆம் அதிகாரம் சொல்வது இதற்கும் பொருந்தும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி பெற்றே மாற்ற வேண்டும். மாற்றிய 14 நாட்களுக்குள் தெரிவித்து, ஆர்.சி.யில் புதிய எண்ணைப் பதிய வேண்டும். பதியாத இஞ்சினோடு விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் பணம் சிக்கலில் மாட்டிக்கொள்ளும்.

இனிச் சொல்வதுதான் டெல்லிக்காரர் பலர் கவனிக்காத காரியம். இஞ்சின் புதிதானாலும் வண்டியின் வயது குறையாது. வயது பதிவு நாளிலிருந்தே எண்ணப்படுகிறது. 10 ஆண்டு கடந்த டீசல் வண்டி தலைநகர்ப் பகுதியில் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஏப்ரலில் உத்தரவிட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை நடைமுறைப்படுத்தச் சொன்னது. 2025-ல் இதில் பல மாற்றங்கள் வந்தன. ஆகஸ்டில் நடவடிக்கை கூடாதென்ற நீதிமன்றம், டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பி.எஸ். 4-உம் அதற்குப் பிந்தியதுமான வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. ஆகவே ஒன்பது வயதான டீசல் வண்டிக்குக் கடன் வாங்கிப் பெருஞ்செலவு செய்யுமுன், ஆர்.சி.யோடு அலுவலகத்திற்குப் போய் அன்றைய நிலையைக் கேளுங்கள். கோபுரம் கட்டுகிறவன் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்கிடுவதாக ஆண்டவர் சொன்னது லூக்கா 14-இல் இருக்கிறது. தலைநகர்ப் பகுதிக்கு வெளியே விற்கத் தடையில்லாச் சான்று கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். சிலருக்கு அதுவே லாபமாயிருக்கும்.

மாற்றத் தீர்மானித்தால் ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் இஞ்சினை ஏற்றவேண்டாம். பழைய வஸ்திரத்தில் கோடித்துண்டு இணைக்கிற உவமையை ஆண்டவர் லாரிக்காகச் சொல்லவில்லை; ஆனாலும் அடைபட்ட ரேடியேட்டர் நல்ல இஞ்சினையும் சீக்கிரம் கொன்றுவிடும். இஞ்சின் இறங்கியிருக்கும்போதே கிளட்ச் பிளேட்டையும் மவுண்டிங் ரப்பரையும் மாற்றிவிட்டால் இரண்டாம் கூலி மிச்சம். போர் கடைந்த இஞ்சினானால் முதல் ஆயிரம் கிலோமீட்டர் பாரம் குறைத்து ஓட்டி, ஆயிலைச் சீக்கிரம் மாற்றுங்கள். அந்த நாட்களில் உபவாசக் கூட்டத்திற்கு நாற்காலி ஏற்ற வேறு வண்டி பார்க்கச் சொல்லுங்கள், பாஸ்டர் வருத்தப்படமாட்டார்.