கைக்குப் பரீட்சை

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் குடிகாடு வந்துவிட்டது என்பதை நமக்கு மூக்கு சொல்லிவிடும். ரசாயனத் தொழிற்சாலைகளுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்ட ஊர் அது. அவ்வூரிலிருந்து வந்து நம்மிடம் பத்தாம் வகுப்பு வரையில் படித்த பெண் ஒருத்தி, சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் தங்கையையும் அழைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தாள். அக்காள் மூன்று வருஷ நர்ஸிங் டிப்ளமா முடித்து, கடலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஏழு வருஷமாக வேலை பார்க்கிறவள். தங்கை பன்னிரண்டாம் வகுப்புத் தேறிவிட்டு வீட்டில் இருக்கிறவள்.

"ஸார், தபால் மூலமாகவே பி.எஸ்ஸி. நர்ஸிங் படித்துவிடலாம் என்கிறார்களே! நாங்கள் சேரலாமா?" என்று அக்காள் கேட்டாள். தங்கை ஒன்றும் பேசவில்லை. பஸ் ஸ்டாண்டில் யாரோ கையில் திணித்த நோட்டீஸ் ஒன்றை மட்டும் நம் முன் நீட்டினாள். வீட்டிலிருந்தபடியே நர்ஸாகலாம் என்று அதில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது.

கேள்வி ஒன்றுதான், ஆனால் இருவருக்கும் ஒரே பதில் சொல்வதற்கில்லை.

தபால் படிப்பு என்றால் நம் பக்கத்தில் யாரும் ஏளனம் செய்யமாட்டார்கள். 1929-இல் சிதம்பரத்தில் தோன்றிய அண்ணாமலை ஸர்வகலாசாலை, 1979-இல் தொலைதூரக் கல்விக்கென்று தனி இலாகாவே ஏற்படுத்தியது. அதன் தயவால் பட்டம் பெற்ற குமாஸ்தாக்களும் உபாத்தியாயர்களும் இந்த ஜில்லாவில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். நாமும் எம்.ஏ. பட்டத்தை அப்படித்தான் வாங்கினோம். குழந்தைகள் தூங்கிய பிறகு புத்தகத்தைத் திறப்போம்; சில நாள் புத்தகத்தின் மேலேயே நாமும் தூங்கிவிடுவோம். எப்படியோ தேறினோம். ஆனால் அந்தப் பரீட்சையில் நம் கையை ஒருவரும் பார்க்கவில்லை; கை எழுதியதைத்தான் பார்த்தார்கள். நர்ஸிங் பரீட்சையிலோ கையையே பார்க்கிறார்கள். நாம் ஓர் ஒற்றெழுத்தை விட்டுவிட்டால் போவது அரை மார்க்கு. நர்ஸு மருந்தளவில் ஒரு புள்ளியை விட்டுவிட்டால் என்ன போகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் தங்கையின் விஷயத்தை முடித்துவிடுவோம். தபால் மூலமாகப் புதிதாக ஒருவரை நர்ஸாக்க முடியாது. பல்கலைக்கழக மானியக் குழு 2020-இல் வெளியிட்ட விதிகள், தொலைதூர முறையில் நடத்தக்கூடாத படிப்புகளில் நர்ஸிங்கையும் சேர்த்திருக்கின்றன. நான்கு வருஷ பி.எஸ்ஸி.யோ, மூன்று வருஷ டிப்ளமாவோ, எதுவானாலும் பள்ளிக்குப் போய், நோயாளியின் கட்டிலருகே நின்றுதான் கற்க வேண்டும். அந்தப் பள்ளியையும் இந்திய நர்ஸிங் கவுன்ஸிலும் நம் மாகாண நர்ஸுகள் கவுன்ஸிலும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். 1926-ஆம் வருஷச் சட்டத்தினால் ஏற்பட்ட அந்த மாகாணக் கவுன்ஸிலின் பதிவேட்டில் பெயர் ஏறாதவள், வீட்டுச் சுவரில் எத்தனை பட்டம் மாட்டினாலும் நர்ஸு அல்ல. நோட்டீஸை மடித்துத் தங்கையிடமே திருப்பிக் கொடுத்தோம். முகம் வாடிவிட்டது, பாவம். ஆனால் பணம் கட்டிய பிறகு வாடுவதைவிட இது தேவலை.

அக்காளின் விஷயம் வேறு. ஏற்கெனவே பதிவு பெற்ற நர்ஸாக வேலையில் இருப்பவர்களுக்காக, இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1994-இல் ஒரு பி.எஸ்ஸி. படிப்பை ஆரம்பித்தது. டிப்ளமாவுக்குப் பிறகு குறைந்தது இரண்டு வருஷ அநுபவம் வேண்டும்; நுழைவுத் தேர்விலும் தேற வேண்டும். 2025-லும் அந்தத் தேர்வு நடந்தது. கல்லூரிக்கே போய்ப் படித்தால் இரண்டு வருஷத்தில் முடிகிற பட்டம் இதில் குறைந்தது மூன்று வருஷம் பிடிக்கும். பாடம் மட்டும் வீட்டுக்கு வரும். செய்முறைப் பயிற்சிக்கு நாம்தான் கேந்திரத்துக்குப் போய் ஆஜராக வேண்டும். எழுத்துப் பரீட்சையில் எவ்வளவு வாங்கினாலும் செய்முறையில் தனியாகத் தேறியாக வேண்டும்.

"ஏழு வருஷம் ஊசி போட்டவளுக்குச் செய்முறை ஒரு பிரமாதமா, ஸார்?" என்றாள் அவள்.

இங்கேதான் அமெரிக்கக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. நியூயார்க் ராஜ்யத்தார் 1971-இல் ஸ்தாபித்து, பின்னால் எக்ஸெல்ஸியர் என்று பெயர் பெற்ற கலாசாலை, வீட்டிலிருந்தே நர்ஸிங் படிக்க வழி செய்தது. சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரிகளில் ஏற்கெனவே வேலை பார்த்தவர்கள். படிப்பெல்லாம் வீட்டில், கடைசியில் ஒரு வார இறுதியில் ஆஸ்பத்திரியில் செய்முறைப் பரீட்சை. கட்டணம் இரண்டாயிரம் டாலருக்கு மேல் போயிற்று. காயம் கட்டுவது, ஊசி போடுவது முதலியவற்றை முதலில் செய்து காட்ட வேண்டும். பிறகு குழந்தை ஒன்று உட்பட மூன்று நிஜ நோயாளிகளைப் பரீட்சகர் பார்த்திருக்கப் பராமரிக்க வேண்டும். இன்றியமையாதது என்று குறித்த ஒரு சிறு காரியத்தை மறந்தாலும் அந்தப் பகுதி போயிற்று. மொத்தம் மூன்று தடவைதான் சந்தர்ப்பம். பல வருஷப் பழக்கம் உள்ளவர்களே அதில் இடறினார்கள்.

அதில் ஆச்சரியமில்லை. அநுபவம் கையை வேகமாக்குகிறது. கூடவே குறுக்கு வழியையும் கற்றுக்கொடுக்கிறது. அரை லிட்டர் உப்புநீரை நான்கு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மில்லி லிட்டருக்கு இருபது சொட்டு விழும் குழாயானால், நிமிஷத்துக்குச் சுமார் 42 சொட்டு. புதிதாகப் படிக்கும் பெண் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவாள். ஏழு வருஷக்காரி கண்ணாலேயே பார்த்துத் திருகிவிட்டுப் போவாள். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். பரீட்சகருக்கோ அவள் எண்ணவில்லை என்பதுதான் தெரியும். பரீட்சகர் கட்சியே நம் கட்சியும்.

அதே கலாசாலையைப் பற்றி இன்னொன்றும் சொன்னோம். போதிய மேற்பார்வையுள்ள பயிற்சி இல்லையென்று, 2003 டிசம்பருக்குப் பிறகு அதில் சேர்ந்தவர்களுக்குக் கலிபோர்னியா ராஜ்யம் பதிவு கொடுக்க மறுத்தது. ஆகையால் அந்நிய தேசத்து வேலை உத்தேசமிருந்தால், இந்தப் பட்டத்தை அங்கே ஏற்பார்களா என்று அந்த தேசத்துக் கவுன்ஸிலையே எழுதிக் கேட்டுவிட வேண்டும். ஏஜெண்டு சொல்வது பதிலாகாது.

இவ்வளவையும் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த நம் வீட்டு அம்மாள், நமக்குத் தோன்றாத கேள்வியைக் கேட்டாள். "ஏம்மா, பயிற்சிக்குப் போகிற நாட்களில் ஆஸ்பத்திரியில் லீவு கொடுப்பார்களா? குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்?" அந்தப் பெண் பதில் சொல்லச் சற்று நேரமாயிற்று. லீவைப் பற்றி அவள் கேட்டதேயில்லை. மாமியார் பார்த்துக்கொள்வாள் என்று அவளாகவே நினைத்துக்கொண்டிருந்தாளே தவிர, மாமியாரிடம் சொல்லவில்லையாம்! மூன்று வருஷத்துக்கு ஒரு மனுஷியின் ஒத்தாசையை அவளுக்குத் தெரியாமலே கணக்கில் எழுதியிருக்கிறாள்.

கடைசியாக ஒரு யோசனை சொன்னோம். "விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் உன் தலைமை நர்ஸை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் நிற்கச் சொல். நீ ஒரு நோயாளிக்கு மருந்து கொடுத்துக் கட்டுக் கட்டு. அவர் வாய் பேசாமல் பிழைகளை மட்டும் எழுதட்டும். பிழை எத்தனை என்பது பெரிதல்ல. அதைப் படிக்கும்போது உனக்குக் கோபம் வருகிறதா என்று பார்த்துக்கொள்."

பதினைந்து நாள் கழித்து அவள் தனியாக வந்தாள். தலைமை நர்ஸு ஏழு பிழை எழுதியிருந்தாராம். முதலாவது பிழை, மருந்து கொடுக்குமுன் நோயாளியின் பெயரைக் கேட்டுச் சரிபார்க்காதது.

"பதினோரு நாளாக அந்தத் தாத்தாவைப் பார்க்கிறேன், ஸார். அவர் பேரைப் போய் அவரிடமே கேட்பதா என்று முதலில் கோபம்தான் வந்தது" என்றாள். "மறுநாள் கேட்டேன். 'ஏன் பாப்பா, மறந்துபோச்சா?' என்று சிரித்துவிட்டுச் சொன்னார். இப்போது எல்லாரையும் கேட்கிறேன்."

லீவுக்கு ஆஸ்பத்திரியில் வாய்வார்த்தையாகச் சரியென்றிருக்கிறார்கள்; எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம். மாமியார் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாராம். தங்கை டிப்ளமாப் பள்ளிகளின் ஜாபிதாவை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வருகிறாளாம்.