வீடு வாங்குமுன் வக்கீல் வீட்டுக்கு ஒரு நடை

சகோதரிகளே, ஒரு புடவை எடுக்கப் போனால் முந்தானை வேறு, உடல் வேறு என்று பிரித்துப் போட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறோம். சாயம் போகுமா என்று நாலு தடவை கேட்கிறோம். ஆனால் ஆயுசில் ஒரே தடவை வாங்குகிற வீட்டுக்கு மட்டும், "பத்திரமெல்லாம் ஆம்பிளைங்க பார்த்துப்பாங்க" என்று அடுப்படிக்குப் போய்விடுகிறோம். அடகுக்குப் போகிற நகை மட்டும் நம்முடையது!

எங்கள் ஊர்ப் பேரே சிக்கல். நாகப்பட்டினம் பக்கம் சிங்காரவேலர் இருக்கிற சிக்கல் இல்லை. ராமநாதபுரம் சீமையில் கடலாடித் தாலுகாச் சிக்கல். இந்தக் கடலோரத்தில் பல வீடுகளில் ஆண்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். பணம் அங்கிருந்து வருகிறது. வீடு பார்ப்பதும் விலை பேசுவதும் பெண்கள் தலையில். அதனால்தான் இந்த முறை வக்கீலைப் பற்றி எழுதுகிறேன்.

"பத்திரம் எழுதுகிறவர் இருக்கிறாரே, வக்கீல் எதற்கு?" என்று கேட்பீர்கள். பத்திர எழுத்தர் நாம் சொல்வதைச் சட்ட பாஷையில் எழுதித் தருகிறவர். சார்பதிவாளர் பதிவு செய்கிறவர். விற்கிறவருக்கு உண்மையில் அந்த வீட்டில் உரிமை உண்டா என்று ஆராய்ந்து தீர்ப்புச் சொல்வது பதிவு அதிகாரியின் வேலை இல்லை என்று உச்ச நீதிமன்றமே 2025 ஏப்ரலில், நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் சொல்லியிருக்கிறது. கடன் தரும் பாங்கின் வக்கீல் பார்ப்பாரே என்றால், அவர் பாங்கின் பணத்துக்காகப் பார்க்கிறவர். ஆக, நமக்காகப் பார்க்க நாமே ஒருவரை வைத்துக்கொண்டால்தான் உண்டு. இங்கிலாந்தில் வாங்குகிறவருக்கு ஒரு சொலிசிட்டர், விற்கிறவருக்கு ஒரு சொலிசிட்டர் என்று பெரும்பாலும் தனித்தனியாக இருப்பார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில், 1840-ஆம் வருஷத்துச் சட்டப்படி நொத்தாரிசு முன்னால் கையெழுத்தாகாத நிலப் பத்திரம் செல்லாது. நம் ஊரில் அப்படி யாரும் கட்டாயப்படுத்துவதில்லை.

எங்கள் தெருவில் ஒரு பெண். பக்கத்து வீடு விலைக்கு வந்தது. விற்பவர்கள் அண்ணன் தம்பி இருவர். பட்டா அவர்கள் பேரில். முப்பது வருஷ வில்லங்கம் சுத்தம். தரகர், "அக்கா, வெள்ளிக்கிழமை நல்ல நாள், அட்வான்ஸைக் கொடுத்திடுங்க" என்று அவசரப்படுத்துகிறார். அவளோ பிடிவாதமாக பஸ் ஏறி ராமநாதபுரம் போய், ஒரு வக்கீலிடம் காகிதங்களைக் கொடுத்தாள். அவர் எல்லாவற்றையும் புரட்டிவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "இந்த வீடு யார் சம்பாத்தியம்மா? அவங்க அப்பாவுக்குப் பெண் பிள்ளைகள் உண்டா?"

உண்டு. இரண்டு பேர். கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறார்கள். பட்டாவில் அவர்கள் பேர் இல்லை. ஆனால் வீட்டில் பங்கு இருக்கிறது. தகப்பனார் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய சுய சம்பாத்தியத்தில் மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் சம பங்கு என்று இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-லேயே சொல்லிவிட்டது. பூர்வீகச் சொத்தானால், தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுவதும் 2005-லும் மகளுக்குப் பிறப்பிலேயே உரிமை வந்தது. (1989 சட்டத்தில் அதற்கு முன்பே கல்யாணமான பெண்களை விட்டுவிட்டார்கள், 2005-ல் அந்தக் கணக்கும் போயிற்று.) முஸ்லிம் குடும்பங்களில் மகளுக்கு மகன் பங்கில் பாதி; கிறிஸ்தவக் குடும்பங்களில் சமம். எந்த மதமானாலும் மகளை விட்டுவிட்டு எழுதிய கிரயம் முழுக் கிரயம் ஆகாது.

வக்கீல் வாரிசுச் சான்று கேட்டார். பிறகு இரண்டு தங்கைகளும் வந்து கிரயப் பத்திரத்தில் சேர்ந்தே கையெழுத்துப் போட்டார்கள். சும்மா போடவில்லை, பங்குப் பணத்தை வாங்கிக்கொண்டே போட்டார்கள். அதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

வில்லங்கச் சான்று சுத்தம் என்றால் எல்லாம் சுத்தம் என்று நினைக்கிறோம் இல்லையா? அதில் பதிவான விஷயங்கள்தான் வரும். பதிவு செய்யாத உயில் வராது. ஒருவர் இறந்து போனது, அவருக்கு எத்தனை வாரிசு என்பதெல்லாம் வராது. 1975-லிருந்து உள்ளதை இணையத்தில் காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முந்தியது வேண்டுமானால் பதிவு ஆபீஸில் மனுப் போட்டுத் தேட வேண்டும். வக்கீல் தாய்ப் பத்திரத்திலிருந்து ஆரம்பித்து, கை மாறிய ஒவ்வொரு இடத்தையும் கோத்துப் பார்ப்பார். நடுவில் ஒரு கண்ணி அறுந்திருந்தால் அவர் கண்ணில் படும்.

நம் ஜில்லாவுக்கென்று சில சங்கதிகள் உண்டு. இது ஜமீன் சீமையாக இருந்தது. 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்கு முந்திய பழைய காகிதங்களைக் காட்டி, "தாத்தா காலத்திலிருந்தே எங்களது" என்பார்கள். சர்க்கார் கணக்கில் அது கண்மாய்ப் புறம்போக்காக இருக்கும்! கோவில் நிலமாகவும் இருக்கலாம். பத்து வருஷமாகத் தண்ணீரே பார்க்காத கண்மாய் என்றாலும் கண்மாய் கண்மாய்தான். கிராம அ-பதிவேட்டில் சர்வே நம்பரைப் பார்த்தால் நிலத்தின் ஜாதகம் தெரிந்துவிடும். புது மனைப் பிரிவானால் அங்கீகாரம் உண்டா என்றும் கேட்க வேண்டும். 2016-லிருந்து அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவதில் கட்டுப்பாடு இருக்கிறது.

விற்பவர் வெளிநாட்டில், அவருக்காக மச்சான் கையெழுத்துப் போடுகிறார் என்றால் பவர் பத்திரத்தைக் கட்டாயம் வக்கீலிடம் காட்டுங்கள். பவர் கொடுத்தவர் இறந்த நிமிஷமே பொதுவாக அந்தப் பவரும் போய்விடும். வெறும் பவர் பத்திரத்தை வைத்துக்கொண்டு வீடு என்னுடையது என்று சொல்ல முடியாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. மைனர் பிள்ளைக்குப் பங்கிருந்தால், விற்க கோர்ட்டு அனுமதி வேண்டுமா என்றும் கேளுங்கள்.

இதெல்லாம் எப்போது? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால்! கொடுத்த பிறகு போனால் வக்கீல் என்ன செய்வார் பாவம், நோட்டீஸ்தான் விடுவார். அவசரமாக அட்வான்ஸ் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், காகிதத்தில் குறை இருந்தால் முழுப் பணமும் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். கருத்தையும் வாயால் கேட்காமல் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். தரகர் கூட்டிவரும் வக்கீல் வேண்டாம்.

செலவைப் பார்த்து மலைக்காதீர்கள். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் சேர்த்து நூற்றுக்கு ஒன்பது ரூபாய் என்று இருக்க, வக்கீல் பீஸ் அதில் சின்னத் துண்டுதான். நம் பேரிலேயே வாங்கினால் 2025 ஏப்ரல் 1 முதல், பத்து லட்சம் வரையுள்ள சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் சலுகையும் உண்டு. வீட்டுக்காரரிடம் இதை மட்டும் கொஞ்சம் சத்தமாகவே படித்துக் காட்டுங்கள்.

பதிவு முடிந்ததும் பட்டா உங்கள் பேருக்கு மாறியதா என்று பாருங்கள். இடத்தைப் பிரித்து வாங்கியிருந்தால் சர்வேயர் வந்து அளந்தபிறகுதான் மாறும். மூலப் பத்திரத்தை அழகு பார்க்க லாமினேஷன் செய்துவிடாதீர்கள். மடிப்புக் கலையாமல் துணிப்பையில் வைத்து, நகல் ஒன்றைத் தனியாக வையுங்கள். எங்கள் உப்புக்காற்றுக்கு நான் பத்திரங்களை ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வெளியே எடுத்து நிழலில் உலர்த்துகிறேன்.