சோறு நிறைய இருந்தால் பூசணிக்காய் மறையும்

1959 அக்டோபரில், ஜப்பானின் மினமாட்டா ஊரில் ஒரு பூனைக்கு நடை தள்ளாடியது. பிறகு வலிப்பு வந்தது. அந்தப் பூனைக்குப் பெயர் கிடையாது, எண்தான்: 400. சிஸ்ஸோ என்ற ரசாயனக் கம்பெனியின் மருத்துவமனையை நடத்திவந்த டாக்டர் ஹொசோகவா, ஆலையின் அசெட்டால்டிஹைடு பிரிவிலிருந்து வெளியேறும் கழிவுநீரை இரையில் கலந்து ஜூலை முதல் அதற்குக் கொடுத்துவந்தார். வளைகுடா மீனைத் தின்ற ஊர்க்காரர்கள் எப்படிக் கைகால் விளங்காமல் விழுந்தார்களோ, அப்படியே பூனையும் விழுந்தது. அவர்களை முடக்கிய விஷம் எங்கிருந்து வருகிறது என்பது டாக்டருக்குத் தெரிந்துவிட்டது.

நிர்வாகம் சோதனையை நிறுத்தச் சொன்னது. முடிவை வெளியே சொல்லக் கூடாது என்றது. டாக்டரும் சொல்லவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா என்று நம் ஊரில் கேட்பார்கள். பார்த்தால் கேள்வி மாதிரி இருக்கும். ஆனால் முடியாது என்ற பதிலை மடியில் கட்டிக்கொண்டுதான் அது வரும். ஊழல் செய்தியோ ஆலை விபத்தோ வந்த மறுநாள் டீக்கடை பெஞ்சில் பேப்பரை மடித்து வைத்தபடி யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். பக்கத்தில் இருப்பவர், "எவ்வளவு மறைச்சாலும் உண்மை ஒருநாள் வெளியே வந்துதானே ஆகணும்" என்று முடித்துவைப்பார். கேட்க இதமாக இருக்கும் இந்த நம்பிக்கை, நடந்தவற்றோடு ஒத்துப்போவதில்லை. பூசணிக்காய் மறையும். எவ்வளவு சோறு கொட்ட வேண்டும் என்பது மட்டும்தான் கணக்கு.

மினமாட்டாவில் தாராளமாகவே கொட்டினார்கள். அந்த 1959 டிசம்பரிலேயே கழிவுநீரைச் சுத்திகரிக்கும் கருவி ஒன்றை விழா எடுத்துத் திறந்தார்கள். சுத்திகரித்த நீர் என்று ஒரு குவளையைக் கம்பெனித் தலைவரே எல்லோர் முன்னிலையிலும் குடித்துக் காட்டினார். விஷமாகக் கலந்திருந்த பாதரசத்தைப் பிரித்தெடுப்பதற்காக அந்தக் கருவி அமைக்கப்படவே இல்லை. ஒரு வாரம்கூட ஆகவில்லை, நோயாளிக் குடும்பங்களிடம் 'அனுதாப' ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வாங்கினார்கள். இறந்தவருக்கு மூன்று லட்சம் யென். ஆலைதான் காரணம் என்று பின்னால் தெரியவந்தாலும் மேற்கொண்டு எதுவும் கேட்கமாட்டோம் என்ற வாசகமும் அதில் இருந்தது. காரணம் தெரியாதவர்கள் இப்படி ஒரு வரியை எழுதிக்கொள்வார்களா என்று கேட்டால் அதற்குப் பதிலில்லை.

அதன் பிறகு ஒன்பது வருடம் ஓடியது. இடையில், 1965-ல் நீகாட்டா பகுதியில், வேறொரு கம்பெனியின் கழிவு கலந்த வேறொரு ஆற்றங்கரையில், அதே நோய் தலைகாட்டியது. சிஸ்ஸோவின் கழிவில் உள்ள பாதரசக் கூட்டுப்பொருள்தான் காரணம் என்று ஜப்பான் அரசு ஒப்புக்கொண்டது 1968 செப்டம்பரில். அந்தத் தயாரிப்பு முறையையே கம்பெனி கைவிட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. இனி யாருக்கும் நஷ்டமில்லை என்றான பிறகு வந்த உண்மை அது.

டாக்டர் ஹொசோகவா 1970 ஜூலையில் பேசினார். புற்றுநோயோடு மருத்துவமனைப் படுக்கையில் இருந்தவரிடம் போய்ச் சாட்சியம் பதிவு செய்தார்கள். 400-ஆம் எண் பூனையைப் பற்றி அப்போது சொன்னார். மூன்று மாதத்தில் இறந்துபோனார். 1973-ல் நீதிமன்றம் கம்பெனியைப் பொறுப்பாளி என்று தீர்ப்பளித்ததில் அந்தச் சாட்சியத்துக்கும் பங்குண்டு. அவரை அப்பழுக்கற்ற வீரர் என்று சொல்வதற்கில்லை. பத்து வருடம் வாய்மூடி இருந்தவர். ஆனால் ஒரு வருடம் முன்பே அவர் கண்மூடியிருந்தால் அந்த வாக்குமூலமும் அவரோடு போயிருக்கும். 'வந்தே தீரும்' என்கிறார்களே, அது ஒரு நோயாளியின் மூச்சில் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்த நம்பிக்கை வளர்ந்த குற்றத்தில் பாதியை நம் தலைப்புச் செய்திகள் மேலும் போடலாம். 'மோசடி அம்பலம்', 'முறைகேடு வெளிச்சத்துக்கு வந்தது'. பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று படித்ததை நினைத்துப் பாருங்கள். 'அம்பலமானது' தன்வினை, மோசடி தானாக எழுந்து சட்டையை உதறிக்கொண்டு நடுத்தெருவுக்கு வந்து நின்றதுபோல் இருக்கும். 'அம்பலப்படுத்தினார்' என்று எழுதினால் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு ஒரு வேலை, ஒரு வீட்டு வாடகை, பள்ளிக்குப் போகும் பிள்ளை எல்லாம் இருக்கும். தன்வினையில் எழுதும்போது அந்த ஆள் காணாமல் போகிறார்.

கொடைக்கானலையே எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் ஓடிக்கொண்டிருந்த தெர்மாமீட்டர் ஆலை 1980-களில் அப்படியே பெயர்ந்து பழனி மலைக்கு வந்தது. பிற்பாடு இந்துஸ்தான் லீவரின் கைக்குப் போனது. 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் ஊருக்குள் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடக்கிறது என்பதை உள்ளூர்க்காரர்களும் சூழல் ஆர்வலர்களும் கண்டுபிடித்து ஊரறியச் செய்தார்கள். ஆலையை மூட நேர்ந்தது. பாதரசத்தால் தொழிலாளர்களின் உடல்நிலை கெட்டது என்பதை நிறுவனம் ஏற்கவில்லை. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு உடன்பாடு ஏற்பட்டது 2016-ல். நடுவில் பதினைந்து வருடம். அத்தனை வருடமும் வழக்கு நடத்தியவர்களையும் ஊர்வலம் போனவர்களையும் கழித்துவிட்டு, 'உண்மை வென்றது' என்று ஒரே வரியில் எழுதிவிட முடியுமா?

இதே நம்பிக்கைக்கு ஒரு தம்பி உண்டு. உண்மை அச்சில் ஏறிவிட்டால் போதும், மற்றது தானாக நடக்கும் என்பான். அவனைப் போபாலுக்குத்தான் அழைத்துப் போக வேண்டும்.

ராஜ்குமார் கேஸ்வானி அங்கே 'ரபட்' என்ற சிறிய இந்தி வாரப் பத்திரிகையை நடத்தினார். 1981 டிசம்பரில் யூனியன் கார்பைடு ஆலையில் பாஸ்ஜீன் வாயு தாக்கி அவருக்குத் தெரிந்த தொழிலாளி ஒருவர் இறந்தார். கேஸ்வானி ஆலையைப் பற்றித் தோண்ட ஆரம்பித்தார். 1982 மே மாதம் அமெரிக்காவிலிருந்து வந்த பாதுகாப்பு ஆய்வுக் குழு எழுதிவைத்த குறைகளின் பட்டியல் வரை போய்விட்டார். அந்த வருடம் செப்டம்பரில், இந்த நகரத்தைக் காப்பாற்றுங்கள் என்று கெஞ்சும் தலைப்போடு எழுதினார். அடுத்த கட்டுரையில் போபால் எரிமலையின் வாயில் உட்கார்ந்திருக்கிறது என்றார். டிசம்பரில் சட்டசபையிலும் பேச்சு வந்தது. இருபத்தைந்து கோடி ரூபாய் போட்ட ஆலை, எடுத்து வேறிடத்தில் வைக்க அதென்ன சின்னக் கல்லா, ஆபத்து ஒன்றுமில்லை என்கிற ரீதியில் தொழிலாளர் துறை அமைச்சர் பதில் சொன்னார். 1984 ஜூனில் கேஸ்வானி 'ஜன்சத்தா'வில் மறுபடியும் எழுதினார்.

டிசம்பர் 2 நள்ளிரவையொட்டி, சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் தொட்டியிலிருந்து வெளியேறியது. அரசுக் கணக்கிலேயே ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள்.

பிறகு கேஸ்வானிக்கு விருதுகள் வந்தன. அவர் எழுதியபோது அந்த ஆலையை ஒருநாள் மூடிச் சோதித்திருந்தால் விருது கொடுக்கக் காரணமே இருந்திருக்காது. எதுவும் நடக்காத ஒரு ஊரில் எதையோ பெரிதுபடுத்திய ஆள் என்றுகூட அவரைப் பேசியிருப்பார்கள்.

இந்தக் கதைகள் எல்லாம் வெளியே தெரிந்துதானே எழுதுகிறீர்கள், அப்படியென்றால் பழமொழி சரிதானே என்று ஒருவர் மடக்கலாம். கெட்டிக்காரத்தனமான கேள்விதான். ஆனால் நம் கையில் இருப்பவை கண்டெடுத்த பூசணிக்காய்கள் மட்டுமே. சோற்றோடு சோறாக அழுகிப்போனவற்றை யாரும் எண்ணியதில்லை, எண்ணவும் முடியாது. கரை சேர்ந்தவர்களை மட்டும் விசாரித்துவிட்டுக் கடலில் யாரும் மூழ்குவதில்லை என்று சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

நம்பிக்கை பொய்த்தால் போகிறது என்று விட்டுவிடலாம். ஆனால் அது ஆளைக் கைவிடவும் வைக்கிறது. உண்மை தன் காலில் நடந்து வரும் என்றால், அதைத் தோளில் தூக்கி வருகிறவர் எதற்கு? அவரைக் காப்பாற்றுவானேன்? 'காட்டிக்கொடுத்தவன்' என்று ஒரு சொல்லால் அடித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் ஜார்கண்டின் கோடர்மாவில் வேலை பார்த்த பொறியாளர் சத்யேந்திர துபே, ஒப்பந்தங்களில் நடந்த முறைகேடுகளை விவரித்து 2002 நவம்பரில் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். கடிதத்தில் தன் பெயரைப் போடவில்லை. தான் யார் என்ற விவரத்தை, ரகசியம் காக்கத் தனித்தாளில் இணைத்திருப்பதாக எழுதினார். அதிகாரிகளுக்கு அனுப்பும்போது அந்தத் தாளைக் கழற்றி வைத்துக்கொள்ளலாம். ஒரு குண்டூசி வேலை. யாரும் கழற்றவில்லை. கடிதமும் தாளும் சேர்ந்தே மேசை மேசையாகப் போயின. 2003 நவம்பர் 27 அதிகாலையில் கயாவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வழிப்பறிக்காக நடந்த கொலை என்றது சிபிஐ. 2010-ல் மூன்று பேருக்குத் தண்டனை கிடைத்தது. தனித்தாள் ஏன் தனியாகவே இருக்கவில்லை என்ற கேள்வி அந்த வழக்கோடு முடிந்துபோனது.

அந்தக் கொலை கிளப்பிய கோபத்தில்தான் இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு பாதுகாப்புச் சட்டம் வேண்டும் என்ற பேச்சு சூடு பிடித்தது. 2014-ல் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரும் ஒப்புதல் அளித்தார். மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கும் நாளில் இது நடைமுறைக்கு வரும் என்று சட்டத்தின் முதல் பிரிவே சொல்கிறது. அந்த ஒருநாளை அரசிதழ் இன்னும் அறிவிக்கவில்லை.