சங்கத்தில் யாருக்கு இடம்?

கென்யா தேசத்தின் தலைநகரான நைரோபியில் மக்களைப் பெரும்பாலும் சுமந்து செல்பவை 'மட்டாட்டு' எனும் தனியார் சிறு வண்டிகளே. சுவாஹிலி மொழியில் 'டாட்டு' என்றால் மூன்று. ஆதியில் பத்து சென்ட் நாணயம் மூன்று கொடுத்து ஏறியதால் இப்பெயர் வந்தது என்பர். இவ்வண்டிகளின் வரலாறு கூட்டுறவாளராகிய நாம் சிந்திக்கத்தக்கது.

அந்நகரில் 1934ஆம் ஆண்டிலேயே பேருந்துக் கம்பெனி ஒன்று ஏற்பட்டது. 1963இல் நாடு விடுதலை பெற்றபின் கிராம மக்கள் திரளாக நகருக்கு வந்தனர். கம்பெனியின் வண்டிகள் போதவில்லை. சிறு முதல் படைத்தோர் பழைய வண்டிகளை வாங்கி, உரிமமின்றியே ஓட்டலாயினர். 1973இல் ஜனாதிபதி ஜோமோ கென்யாட்டா, அவ்வுரிமம் இல்லாமலே அவை ஓடலாம் என ஆணையிட்டார். வண்டிகள் பெருகின, நெரிசலும் விபத்தும் உடன் பெருகின.

காரணம் யாது? ஓட்டுநர் நாள்தோறும் உரிமையாளருக்கு ஒரு குறித்த தொகை கட்டவேண்டும். அதுவும் எரிபொருட் செலவும் போக எஞ்சியதே அவருக்கும் நடத்துநருக்கும் கூலி. ஆகவே அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றுவதும் விரைந்தோடுவதும் அவர்களுக்கு வயிற்றுப் பிழைப்பாயின. 2004 முதல் வேகத்தடைக் கருவியும் இருக்கைப் பட்டையும் கட்டாயமாக்கப்பட்டன. எனினும் வேகத்துக்குக் காரணமான தினத்தொகை முறை நீங்கவில்லை.

2010இல் அரசாங்கம், வண்டி உடையோர் தனித்தனியே தொழில் நடத்தாது, சிக்கன நாணயச் சங்கமாகவோ கம்பெனியாகவோ சேரவேண்டும் எனப் பணித்தது. இதனால் நன்மை உண்டு. சிறு உரிமையாளர் சேமித்துக் கடன் பெற்று வண்டி வாங்க வழி பிறந்தது. வண்டிகளுக்குப் பொறுப்புச் சொல்ல ஓர் அமைப்பும் ஏற்பட்டது. ஆயினும் இச்சங்கங்களிற் பெரும்பாலானவை வண்டி உடையோரின் சங்கங்களே. வண்டி ஓட்டுவோர் பலர் இன்றும் மாலையில் தினத்தொகையை எண்ணிக் கொடுத்துவிட்டு, மிஞ்சியதைக் கொண்டு வீடு செல்கின்றனர்.

அரசாணையால் சங்கத்தைப் பதிவு செய்யலாம். ஒத்துழைப்பை உண்டாக்கல் அரிது. ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் நிலையான மாதச் சம்பளமும், சங்கத்தில் பங்கும், பொதுக்கூட்டத்தில் வாக்கும் அளித்தாலன்றி அவ்வீதிகளில் வேகம் தணியாது என்பது எம் கருத்து.

அங்கத்தினர்களே! கூலித் தறியில் நெய்தவருக்கும் குத்தகை நிலத்தில் உழுதவருக்கும் இந்நிலை புதிதன்று. நம் சங்கத்தில் உழைப்பவர் அனைவருக்கும் இடம் உண்டா என்பதை அடுத்த பொதுக்கூட்டத்தில் நாமும் கேட்போமாக.