பாலை வழியில் லாரி ஓட்டுவோர் நலம் குறித்த கோரிக்கை மனு

மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைத் துறை அதிகாரிகள் சமுகத்திற்கு,

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களிலிருந்து வடமேற்கே லாரி ஓட்டிச் சென்று ஜீவனம் நடத்தும் டிரைவர்கள், கிளீனர்கள் ஆகியோரின் சங்கத்தார் வணக்கத்துடன் சமர்ப்பித்துக்கொள்ளும் விண்ணப்பம்.

சேலத்து ஜவ்வரிசியையும் இதர சரக்குகளையும் ஏற்றிக்கொண்டு, பெங்களூர், புணே, சூரத், ஆமதாபாத் வழியாக 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடி மேற்கு ராஜஸ்தானத்தை அடைவதும், திரும்புகாலில் அந்நாட்டுச் சீரகமோ கல்லோ லோடாகக் கிடைத்தால் ஏற்றிக்கொண்டு ஊர் சேர்வதும் எங்கள் அங்கத்தினர்களுக்குப் பழகிப்போன காரியங்களே. ஆமதாபாத் வரையுள்ள பாதையைப் பற்றி இம்மனுவில் நாங்கள் முறையிடவில்லை. அங்கே நெரிசலும் சுங்கச்சாவடியும் இருந்தபோதிலும் நிழலும் தண்ணீரும் கூடவே இருக்கின்றன. சாஞ்சோரைக் கடந்து 68ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் பார்மேர், ஜெய்சல்மேர், ராம்கட் என்று மேலே போகப் போக, வண்டியை ஓரங்கட்டி நிறுத்த ஒரு மரமும் தென்படாத பிரதேசத்தில் நாங்கள் படும் சிரமத்தையே தங்கள் திருஷ்டிக்குக் கொண்டுவர விரும்புகிறோம்.

ஜெய்சல்மேரில் வருஷம் முழுவதும் பெய்யும் மழை சராசரியாக ஏறக்குறைய 200 மில்லிமீட்டர்தான். அதற்கு அண்டையிலுள்ள பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி செல்சியஸ் உஷ்ணம் பதிவாயிற்று. அத்தகைய நடுப்பகலில், கீழே எஞ்சினும் மேலே தகரமுமாக வேகும் கேபினுக்குள் உட்கார்ந்திருப்பவன், கண்ணாடியை இறக்கினால் ‘லூ’ என்னும் அனற்காற்று முகத்தில் அறைய, ஏற்றினால் மூச்சு முட்ட, ஐம்பது அறுபது கிலோமீட்டருக்கு ஒருதரம் இறங்கி டயர்களை இரும்புக் கம்பியால் தட்டி, சத்தத்தைக் கொண்டே காற்றின் அளவை ஊகித்துவிட்டு மறுபடியும் ஏறுகிறான். ஐந்து மணி நேரம் தொடர்ந்து உழைத்த மோட்டார்த் தொழிலாளிக்கு அரை மணியேனும் ஓய்வு வேண்டும் என்பதை 1961ஆம் வருஷத்துச் சட்டமே அங்கீகரித்தது. அந்த அரை மணியை எந்த நிழலில் கழிப்பது என்பதுதான் எங்கள் கேள்வி. ஆகவே, பெட்ரோலிய நிறுவனங்களின் பங்க்குகளில் ‘அப்னா கர்’ என்ற பெயரால் நடைபெறும் ஓய்விடங்களைப் போன்றவை, சாஞ்சோருக்கும் ராம்கட்டுக்கும் இடையே ஐம்பது கிலோமீட்டருக்கு ஒன்றாகவேனும் கூரை, குடிநீர், கழிப்பிடம் ஆகியவற்றுடன் அமையவேண்டும்.

தண்ணீரைப் பற்றித் தனியே சொல்லவேண்டியிருக்கிறது. எங்கள் கேன் தீர்ந்து, ரேடியேட்டரும் காய்ந்துவிட்டால் அருகிலுள்ள குடிசைவாசிகளிடம் போய் நிற்கிறோம். பாஷை தெரியாத எங்களுக்கு அவர்கள் இல்லையென்று சொன்னதே கிடையாது. ஆயினும், மழை நீரை ‘டாங்கா’ என்னும் நிலத்தடித் தொட்டியில் சேமித்து, மாதக்கணக்கில் அதைக் கொண்டே காலம் தள்ளும் குடும்பத்தாரிடமிருந்து எஞ்சினுக்கென்று இரண்டு குடம் வாங்குவது எங்களுக்குக் கூச்சமாகவே இருக்கிறது. இந்தச் சுமையை அவர்கள் தலையிலிருந்து இறக்கவேண்டியது சர்க்காரின் கடமை.

அடுத்தது மணல். புழுதிப் புயல் அடித்து ஓய்ந்தபின் தார்ச்சாலையின் குறுக்கே மணல் நாக்குகளாகப் படிந்து கிடக்கும். எதிரே வரும் வண்டிக்கு வழிவிடச் சற்று ஒதுங்கினாலும் பின்சக்கரம் ஆக்சில் வரை புதைந்துபோகும். பிறகு கிளீனர் தட்டால் மணலை வாரித் தள்ளி, சக்கரத்தின் முன்னே தார்ப்பாயையும் சாக்கையும் விரித்துக் கொடுப்பதும், அப்படியும் வண்டி நகராவிடில் டிராக்டருக்குக் கேட்ட கூலியைத் தந்து இழுக்கச் செய்வதும் வழக்கம்; அந்தக் கூலி பெரும்பாலும் டிரைவரின் பேட்டாவில்தான் கை வைக்கிறது. சாலையின் இருபுற ஓரங்களையும் கெட்டிப்படுத்தவும், காற்று வரும் திசையில் மரவேலி வளர்க்கவும் வேண்டுகிறோம். மணல் மேடுகளை நிலைநிறுத்தும் வித்தையை ஜோத்பூரிலுள்ள மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. நம்மூர் வன்னி மரமே அந்த மண்ணுக்கும் உரிய மரம்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளின் கேபினில் குளிர்சாதனம் கட்டாயம் என்ற உத்தரவை நாங்கள் மனமார வரவேற்கிறோம். ஆனால் அதற்கு முந்திய வண்டிகள் இன்னும் பல வருஷங்கள் ஓடத்தான் போகின்றன. அவற்றிலும் அச்சாதனத்தைப் பொருத்திக்கொள்ளச் சிறு உரிமையாளர்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் கிடைக்க வழிசெய்யவேண்டும்.

புயலினாலோ வண்டிப் பழுதினாலோ வழியில் நின்றுபோகும் சரக்குக்கு இ-வே பில் கெடுவை நீட்டித்துக்கொள்ள, அது முடிவதற்கு முன்னும் பின்னும் எட்டு எட்டு மணி நேரமே அவகாசம் உண்டு. செல்போன் சிக்னல் எட்டாத இடத்தில் சிக்கிய டிரைவர், அதற்குள் முதலாளிக்குச் செய்தி சொல்லவும் இயலாமல் அபராதத்துக்கு உள்ளாகிறார். எல்லைப்புற மாவட்டங்களுக்கு இந்த அவகாசத்தை 24 மணியாக உயர்த்தும்படி வரித் துறைக்குத் தாங்கள் சிபாரிசு செய்யவேண்டும். சர்க்கார் ஒப்பந்தச் சரக்குகளிலேனும், சித்திரை முதல் ஆனி வரை நண்பகல் பன்னிரண்டு முதல் நான்கு மணி வரை வண்டியை நிறுத்தினால் தாமத அபராதம் கிடையாது என்ற ஷரத்தைச் சேர்க்கவும் பிரார்த்திக்கிறோம்.

வழியில் நோயுற்றோ விபத்திலோ இறந்துபோகும் தொழிலாளியின் சடலத்தை ஊருக்குக் கொண்டுவரும் செலவை, இன்று சக டிரைவர்கள் தங்களுக்குள் வசூலித்தே ஈடு செய்கிறார்கள். இதற்கென ஒரு நிதி ஒதுக்கப்படவேண்டும்.

வரும் கோடைக்கு முன்பாகவே தண்ணீர்த் தொட்டிகளையும் நிழற்கூரைகளையும் தற்காலிகமாகவேனும் அமைத்துத் தரவும், ஏனையவற்றை நேரில் விளக்க எங்கள் பிரதிநிதிகளுக்கு ஒரு தேதி குறிப்பிட்டுத் தெரிவிக்கவும் வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர், அங்கத்தினர்கள்
நெடுந்தூர லாரித் தொழிலாளர் சங்கம்