சும்மா விடுங்கள், பழகிவிடும்

ஹாம்ஸ்டர் என்ற பிராணிக்குத் தமிழில் சரியான பெயர் கிடையாது. சில அகராதிகள் வெள்ளெலி என்று எழுதிக் கை கழுவிவிடுகின்றன. வெள்ளெலி என்பதோ அகநானூற்றிலேயே குன்றிமணிக் கண்களோடு ஓடித் திரிந்த நம்மூர்ப் பிராணியின் பெயர். அதைத் தூக்கி ஒரு சிரியாக்காரனுக்குக் கொடுப்பது நியாயமில்லை. ஜெர்மன் மொழியில் ஹாம்ஸ்டரின் பெயரிலிருந்தே பதுக்குவது என்று பொருள்படும் வினைச்சொல் பிறந்திருக்கிறது. ஹீப்ருவில் அதன் பெயருக்குச் சேர்த்து வைப்பவன் என்று அர்த்தம். இரண்டு கன்னங்களிலும் தோள்வரை நீளும் பை. கிடைத்த தானியத்தை எல்லாம் அதில் திணித்துக்கொண்டு வளைக்குள் போய்க் கொட்டும். ரேஷன் காலத்து அரிசி வியாபாரிகள் தோற்றார்கள்.

பெருநகர அடுக்குமாடிகளின் செல்லமாக இருந்த இந்தப் பதுக்கல்காரர் இப்போது கிராமங்களுக்கும் வரத் தொடங்கிவிட்டார். கொள்ளேகாலத்திலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில், ஹனூர் தாண்டி வரும் ஊர் கௌதள்ளி. நின்ற இடத்திலேயே நின்று முகவரி மாற்றிக்கொண்ட ஊர் அது. சென்னை மாகாணத்தில், கோவை மாவட்டத்துக் கொள்ளேகாலம் தாலுகாவில் இருந்தது. 1956ல் மைசூர் மாநிலத்துக்குப் போயிற்று. 1997ல் மைசூர் மாவட்டத்தைப் பிரித்தபோது சாம்ராஜநகரோடு சேர்ந்தது. கடிதத்தில் மைசூர் என்று எழுதும் பெரியவர்கள் இன்னமும் உண்டு. அங்கே என் அக்கா வீட்டுக்கு, பெங்களூர்க் கடை ஒன்றிலிருந்து ஒரு கைப்பிடி அளவு ஹாம்ஸ்டர் பஸ்ஸில் வந்து சேர்ந்தது. வந்து இரண்டாம் நாள் அக்கா மகள் தொலைபேசியில் அழுதாள். “மாமா, அதுக்கு என்னையப் புடிக்கலை. கையை வெச்சா கடிக்குது. போயி மூலையில ஒளிஞ்சுக்குது.”

அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இந்தப் பிராணியைப் புரிந்துகொள்ள 1930க்குப் போக வேண்டும்.

ஜெருசலேமில் சால் ஆட்லர் என்ற ஒட்டுண்ணி ஆராய்ச்சியாளர் இருந்தார். காலா அசார் குடும்பத்து நோய்களை ஆராய அவருக்கு ஹாம்ஸ்டர் தேவைப்பட்டது. சீனாவிலிருந்து வரவழைத்தவை கூண்டில் குட்டி போட மறுத்தன. பக்கத்திலேயே ஏதாவது இனம் கிடைக்குமா என்று கேட்டார். விலங்கியலாளர் இஸ்ரேல் அஹரோனி சிரியாவின் அலெப்போ பக்கம் போனார். ஏப்ரல் மாதம், ஒரு கோதுமை வயல். ஆட்களை வைத்து ஏறத்தாழ எட்டடி ஆழம் தோண்டிய பிறகு ஒரு தாயும் பதினொரு குட்டிகளும் கிடைத்தன. குட்டிகளோடு தாயைப் பெட்டியில் போட்டார்கள். அடுத்து நடந்ததுதான் நமக்குப் பாடம். மிரண்டுபோன தாய், தன் முதல் குட்டியின் தலையைக் கடித்துத் துண்டித்தது. மற்றவற்றைக் காப்பாற்ற வேண்டித் தாயைக் கொல்ல வேண்டியதாயிற்று. பிறகும் சில தப்பி ஓடின, சில செத்தன. மிஞ்சிய மிகச் சில உடன்பிறப்புகளிலிருந்துதான் கடைகளில் நாம் பார்க்கும் பொன்னிற ஹாம்ஸ்டர் வம்சம் கிட்டத்தட்ட முழுதும் பெருகியது. 1931ல் இங்கிலாந்துக்கும், 1938ல் அமெரிக்காவுக்கும் போனது.

அந்தத் தாய் கொடூரமானவள் அல்ல. எட்டடி ஆழத்து இருட்டில் வாழ்ந்த பிராணியை வெளிச்சத்தில், அந்நிய வாசனைகளுக்கு நடுவே ஒரு பெட்டியில் போட்டால் அதற்கு உலகம் முடிந்த மாதிரி. கௌதள்ளிக்கு பஸ்ஸில் வந்த குட்டியின் நிலைமையும் அதேதான். அது கடித்தது வெறுப்பினால் அல்ல, பயத்தினால்.

ஆகவே முதல் மூன்று நாட்கள் செய்ய வேண்டிய வேலை, ஒன்றும் செய்யாமல் இருப்பது. குழந்தைகளுக்கு இதைவிடக் கடினமான வேலை வேறு இல்லை. மாலையில் ஒரே நேரத்தில் தீனியும் தண்ணீரும் வைக்க வேண்டும். மெதுவான குரலில் இரண்டு வார்த்தை பேசலாம். அவ்வளவுதான். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டி வந்து கண்காட்சி நடத்தக் கூடாது. டிவி பக்கத்திலும், வெயில் விழும் ஜன்னல் ஓரத்திலும் கூண்டை வைக்கக் கூடாது. பகலில் அது தூங்கும், எழுப்பக் கூடாது. நடுராத்திரி இரண்டு மணிக்கு நம்மை யாரோ உலுக்கி எழுப்பி, “கொஞ்சம் விளையாடலாமா?” என்றால் நாமும் கடிப்போம்.

நான்காம் நாள் வாக்கில், கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்த ஒரு துண்டு வெள்ளைத் தாளைக் கூண்டில் போடலாம். ஹாம்ஸ்டருக்குப் பார்வை மந்தம், மூக்கு கூர்மை. அதற்கு நீங்கள் யார் என்பது உங்கள் வாசனைதான். அடுத்த சில நாட்களில், உள்ளங்கையில் ஒரு சூரியகாந்தி விதையை வைத்துக் கையைக் கூண்டின் தரையில் அசையாமல் வைத்திருங்கள். வந்தால் வரட்டும், வராவிட்டால் நாளைக்குப் பார்க்கலாம். அதுவாக ஏறி உட்கார்ந்த பிறகே இரண்டு கைகளாலும் கீழிருந்து ஏந்த வேண்டும். மேலிருந்து வரும் கை அதற்குப் பருந்து. தூக்கும்போது தரையில் உட்கார்ந்துகொள்வது நல்லது. இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தாலே எலும்பு முறியும்.

வீடு எப்படி இருக்க வேண்டும்? கடைக்காரர்கள் கொடுக்கும் கம்பிக் கூண்டு பெரும்பாலும் சிறைச்சாலையைவிடச் சின்னது. ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலமாவது வேண்டும். மூடியில் காற்றோட்டத்துக்குக் கம்பி வலை அடித்த பெரிய பிளாஸ்டிக் பெட்டியே போதும். உள்ளே ஒரு சாண் ஆழத்துக்குக் குறையாமல் படுகை, தோண்டுவதற்கு. கிழித்த வெள்ளைத் தாள் நல்லது. அச்சு மை ஏறிய பத்திரிகைத் தாள் வேண்டாம், பத்திரிகைக்காரனே சொல்கிறேன். பஞ்சு கூடவே கூடாது. காலில் சுற்றிக்கொள்ளும், விழுங்கினால் குடலை அடைக்கும். ஓடுவதற்குச் சக்கரம் அவசியம். கம்பி கம்பியாக இல்லாமல் தட்டையான தளத்தோடு, குறைந்தது 20 செ.மீ. விட்டம், 28 ஆனால் உத்தமம். ஓரிரவில் பல கிலோமீட்டர் ஓடக்கூடிய பிராணி இது. சக்கரம் சின்னதானால் முதுகு வளைந்துபோகும்.

நம் ஊர்களில் உண்மையான எதிரி வெயில். 20 முதல் 24 டிகிரி வரை அதற்குச் சுகம். 30ஐத் தாண்டினால் தவிக்கும். சித்திரை மாதத்தில் தகர ஷீட் கூரையின் கீழ் வைத்தால் ஒரே மதியத்தில் கதை முடிந்துவிடும். இதற்கு கௌதள்ளியிலேயே கைவைத்தியம் உண்டு. சின்ன மண்பானை ஒன்றைப் படுக்கவைத்து, பாதியைப் படுகையில் புதைத்துவிடுங்கள். இருட்டு, குளுமை, ஒளிவிடம் மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும். பெட்டியை வீட்டின் நடு அறையில், தரைக்குப் பக்கத்தில் வையுங்கள். எறும்பும் பூனையும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தீனிக்கும் பெங்களூர் போக வேண்டாம். ராகி, தினை, கம்பு, கோதுமை எல்லாம் அதற்குப் பிடித்தவை. கூடக் கொஞ்சம் வெள்ளரித் துண்டு, எப்போதாவது வேகவைத்த முட்டையில் ஒரு துணுக்கு. ஆனால் அந்த ஊரின் பெருமையான ராகிக் களியைக் கொடுக்காதீர்கள், கன்னப்பையில் ஒட்டிக்கொள்ளும். வெங்காயம், பூண்டு, எலுமிச்சை வகை, சாக்லெட் கூடாது. தண்ணீரில் குளிப்பாட்டக் கூடாது. ஒரு கிண்ணத்தில் சுத்தமான மணல் வைத்தால் தானே புரண்டு குளித்துக்கொள்ளும். முதல் வாரம் பெட்டியைச் சுத்தம் செய்கிறேன் என்று கிளம்பவும் வேண்டாம். அது பூசி வைத்த தன் வாசனைதான் அதற்கு வீட்டு வாசல் எண். ஈரமான மூலையை மட்டும் அகற்றினால் போதும்.

துணைக்கு இன்னொன்று வாங்கலாமே என்று தோன்றும். பொன்னிற ஹாம்ஸ்டர் தனிமை விரும்பி. வளர்ந்த இரண்டை ஒரே பெட்டியில் விட்டால் ஒன்று மற்றதைக் கொன்றுவிடக்கூடும். கடையில் இரண்டு மூன்று சேர்ந்து கிடப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அவை இன்னும் குழந்தைகள். ஆணும் பெண்ணுமாக வாங்கினால் கணக்கே வேறு. பதினாறாம் நாள் பிரசவம்.

ஒரு எச்சரிக்கை. புது இடத்து அதிர்ச்சியால் இளம் ஹாம்ஸ்டருக்குக் கடும் வயிற்றுப்போக்கு வரும். வால் பகுதி நனைந்து, கூன் போட்டு, தீனியைத் தொடாமல் கிடந்தால் கைவைத்தியம் பார்க்காமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். கிராமத்துக் கால்நடை மருந்தகத்தில் பசுவுக்கும் ஆட்டுக்கும் இருக்கும் அனுபவம் இதற்கு இருக்கும் என்று சொல்ல முடியாது. சின்னப் பிராணிகளைப் பார்க்கும் மருத்துவர் மைசூரிலோ பெங்களூரிலோ யார் என்பதை, பிராணியை வாங்குவதற்கு முன்பே விசாரித்து வைப்பது நல்லது.

கிளி வளர்ப்பதற்குப் பதில் இதை வளர்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். நம்முடைய பச்சைக்கிளியையும் நட்சத்திர ஆமையையும் வீட்டில் வைத்திருப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஹாம்ஸ்டருக்கு அந்தத் தடை இல்லை. 2018ன் விதிகளின்படி செல்லப்பிராணிக் கடை மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்; பதிவைக் கேட்டுப் பார்ப்பது வாங்குபவரின் உரிமை. ஆனால் அலுத்துப்போனால் காட்டில் விட்டுவிடலாம் என்ற எண்ணம் மட்டும் வரக் கூடாது. கௌதள்ளியைச் சுற்றி இருப்பது மாதேஸ்வரன் மலை, காவிரி சரணாலயக் காடுகள். அங்கே விடப்பட்ட ஹாம்ஸ்டர் ஒரு ராத்திரி ஆந்தைக்கு உணவு, அவ்வளவுதான். தப்பித் தவறிப் பெருகினால் காட்டுக்குக் கேடு. ஆஸ்திரேலியா ஹாம்ஸ்டரை உள்ளேயே விடுவதில்லை.

பயமும் ஆபத்துதான், மனிதனுக்கு வந்தால். 2022 ஜனவரியில் ஹாங்காங்கில் செல்லப்பிராணிக் கடையிலிருந்து கொரோனா பரவியது என்று தெரிந்ததும் சுமார் இரண்டாயிரம் சிறு பிராணிகளைக் கொன்றார்கள். பெரும்பாலும் ஹாம்ஸ்டர்கள். வீட்டில் வளர்த்தவர்கள் குழந்தைகளின் கண்ணெதிரே கொண்டுபோய் ஒப்படைக்க நேர்ந்தது. இன்னொரு பக்கம், கூண்டுகளில் கோடிக்கணக்கில் இருக்கும் இந்தப் பிராணி, பிறந்த மண்ணான சிரியா எல்லைப் பகுதியில் அருகிக்கொண்டே வருகிறது. வயல்காரர்களுக்கு அது வெறும் பயிர் தின்னி.

அக்கா மகள் என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். காத்திருந்தாள். பத்தாம் நாள் அது அவள் கையில் ஏறி, விதையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போயிற்று. தின்னவில்லை, சேமித்தது. அது ஒரு நல்ல அறிகுறி. நாளைக்கும் இங்கேதான் இருக்கப்போகிறோம் என்று நம்புகிறவர்தான் சேமிப்பார்.

அதே ஹனூர் வட்டாரத்து மலைகளில் ஒடெயரபாளையா இருக்கிறது. 1970களில் திபெத்திய அகதிகள் வந்து குடியேறிய இடம். பனிமலையிலிருந்து வந்தவர்கள் இந்த மண்ணில் சோளம் விதைக்கப் பழகினார்கள். ஒரே நாளில் பழகிவிடவில்லை. இடம் பெயர்ந்து வந்த எந்த உயிரும் முதலில் கேட்பது அன்பை அல்ல. முதுகைச் சாய்க்க ஒரு மூலை, நேரத்துக்குச் சோறு, தொந்தரவு செய்யாத மனிதர்கள். அன்பு பிறகு வரும். ஹாம்ஸ்டரின் ஆயுள் இரண்டு, மிஞ்சினால் மூன்று வருஷம். அதில் பத்து நாளை அதற்கே விட்டுக்கொடுப்பது பெரிய தியாகம் ஒன்றுமில்லை.